கார்டு வச்சிருக்க ஆளு

இல்லம்மா, கம்ப்யூட்டர்ல தேடாதே. அதுல வராது. நீ எத்தனை தடவை தட்டினாலும் அந்த ஆஃபர் அதுல வராது, நான்தான் சொல்றேன்ல. அதை விட்டுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் என் மூஞ்சியப் பாரு. பின்னாடி வரிசையில யாராவது நிக்கிறாங்களா? இல்லைல்ல. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரீனோவுல யாரு ரூம் எடுக்க வரப்போறாங்க? என்னை மாதிரி ஆளுங்கதான்.

பேரு டர்லி. வெர்ன் டர்லி, சாக்ரமென்டோ. ஆமா, புக்கிங் இருக்கும், ரெண்டு ராத்திரிக்கு. அது சரியாத்தான் இருக்கும், நானே போன் பண்ணிச் சொன்னேன். க்ளென்டா இல்லையா? இதே கவுண்டர்ல, நீ நிக்கிற இதே இடத்துலதான் இருப்பா, கண்ணாடிய நெத்தி மேல ஏத்தி வச்சுக்கிட்டு அதையே தேடிக்கிட்டு இருப்பா. ரிட்டையர் ஆயிட்டாளா? எப்போ? மார்ச் மாசமா? அடடா. நல்லா இருக்கட்டும். ஆனா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். நான் போனாலும் புதுசா வர்றவங்ககிட்ட சொல்லி வச்சிட்டுத்தான் போவேன், நீ கவலைப்படாதேன்னு போன வருஷம் சொன்னா. உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா? டர்லி அண்ணன் தம்பி, அப்படின்னு எதுவும்? டிராயர்ல ஒரு சீட்டு கீட்டு? சரி. அப்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

மணி என்ன? ஒண்ணு அம்பத்தஞ்சா? லவ்லாக்லேர்ந்து வர்ற பஸ்ஸு ரெண்டே முக்காலுக்கு உங்க வாசல்ல நிக்கும். எங்க அண்ணன் எமெட் அதுல வர்றாரு. அவரு இந்தக் கவுண்டர் முன்னாடி வந்து நிக்கும்போது ரூம் வாடகை சைபர்னு இருக்கணும். ஒரு டாலர் இருந்தாலும் பையத் தூக்கிட்டு அதே பஸ்ஸுல திரும்பிடுவாரு. திரும்பினா அப்புறம் வரமாட்டாரு. அவருக்கு எழுபத்திநாலு, எனக்கு அறுபத்தெட்டு. இன்னொரு தடவை பாத்துக்கலாம்னு விடுற வயசு இல்ல. விஷயம் இவ்வளவுதான்.

அப்படிப் பாக்காதேம்மா. நான் மோசடி பண்றவன் இல்ல. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன். உங்க ஹோட்டல்ல இடது பக்கத்து லிஃப்ட்டு மூணாவது மாடி தாண்டும்போது டக்குன்னு ஒரு சத்தம் போடுது. ஒண்ணும் ஆபத்து இல்ல, ஆனா யாரையாவது பாக்கச் சொல்லு. மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஒண்ணு கேக்குறேன். இந்தக் கிரெடிட் கார்டு ஆஃபரெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு உனக்குத் தெரியுமா? ரூம் சாவி கொடுக்கிற உனக்கே தெரியலைன்னா பாரு. இங்க வந்து காசை விடுறதுல முக்காவாசிப் பேரு சூதாட்ட மெஷின்ல விடுறதில்ல, இந்தக் கவுண்டர்லதான் விடுறான். நானும் அண்ணனும் சூதாட மாட்டோம். அத்தனை மெஷின் நடுவுல, யாரோ எவரோ கல்யாணத்துக்குள்ள தெரியாம புகுந்துட்ட மாதிரி ஓரமா நடந்து லிஃப்ட்டுக்குப் போயிடுவோம். அதனால வாடகைதான் எங்களுக்கு விஷயம்.

முதல்ல என்னன்னா, பேங்க்குக்காரன் ஒரு ஆஃபர் விடுவான். இந்த ஹோட்டல்ல இருநூத்தம்பது டாலர் செலவு பண்ணு, எழுபத்தஞ்சு திருப்பித் தர்றேம்பான். ஆனா அதைச் சும்மா தரமாட்டான். அவன் ஆப்புக்குள்ள போயி, இந்த ஆஃபர் எனக்கு வேணும்னு ஒரு பட்டன் அமுக்கணும். அமுக்காம வந்து செலவு பண்ணா ஒரு காசு வராது. எத்தனை பேரு அமுக்காம வர்றான் தெரியுமா? அப்புறம், ரூமை இந்த மலிவா விக்கிற வெப்சைட்டுகள்ல எடுக்கக் கூடாது. ஹோட்டல்கிட்டயே நேரா எடுக்கணும், காசை இந்தக் கவுண்டர்லயே கட்டணும். இல்லைன்னா பேங்க்குக்காரன், நீ ஹோட்டல்ல எங்கப்பா செலவு பண்ண, வெப்சைட்லல்ல பண்ணன்னு கையை விரிச்சிடுவான்.

ஒரு தடவை வேற ஒரு ஹோட்டல்ல என்ன ஆச்சு, பில்லு இருநூத்தி முப்பத்தெட்டுல நின்னுடுச்சு. இன்னும் பன்னெண்டு டாலருக்குச் செலவு பண்ணாத்தான் எழுபத்தஞ்சு திரும்பும். எனக்குச் சர்க்கரை. இருந்தாலும் கீழ போயி ஒரு சீஸ்கேக்கு வாங்கி, ஒரு வேலையச் செய்யிற மாதிரி உக்காந்து முழுசாச் சாப்பிட்டு முடிச்சேன். கரண்டிய வச்சுட்டு, அறுபத்துமூணு டாலர் லாபம்னேன். மனசுல அப்படி ஒரு திருப்தி.

இன்னொண்ணு இருக்கு. ஒரு ஹோட்டல்ல நீ கோல்டு மெம்பரா, அதான் தங்க மெம்பரா, இருந்தேன்னா, அந்தக் கார்டைக் கொண்டுபோயி அடுத்த ஹோட்டல்ல நீட்டினா அவனும் உன்னைத் தங்க மெம்பர் ஆக்கிடுவான். ஒரு எடத்துல பெரிய மனுஷன்னு பேரு வாங்கிட்டா, அந்தப் பேரை வச்சே அடுத்த எடத்துலயும் பெரிய மனுஷன். சில கிரெடிட் கார்டு வாங்கினாலே போதும், ஒரு நாள்கூட எங்கயும் தங்காம தங்க மெம்பர். முப்பத்தொரு வருஷம் வேலை பாத்த எடத்துல எனக்கு ஒரு நாற்காலிகூட மாத்திக் கொடுக்கலை. இங்க ஒரு பட்டன் அமுக்கினேன், மிஸ்டர் டர்லின்னு தனி வரிசை.

இருபது டாலர் வித்தையும் ஒண்ணு உண்டு. லைசென்ஸுக்கும் கார்டுக்கும் நடுவுல ஒரு இருபது டாலர் நோட்டை வச்சு நீட்டறது, நல்ல ரூமா ஏதாவது இருக்கான்னு கேக்கறது. ஆமா, நான் கொடுத்ததுக்குள்ளயும் இருக்கும் பாரு. வேணாமா? க்ளென்டாவும் வாங்க மாட்டா. சரி, கொடு.

நான் ஏன் இவ்வளவு நேரம் இதையெல்லாம் அளந்துக்கிட்டிருக்கேன்னு பாக்குறியா? சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு, அதான் சுத்திக்கிட்டிருக்கேன்.

உன் பேட்ஜ்ல பேரு மரிபெல், ஊரு ஃபாலன்னு போட்டிருக்கே. ஃபாலன்காரியா நீ? அங்கயே பொறந்து வளந்தவளா? அப்ப லவ்லாக்கு உனக்குப் பக்கத்து ஊருதானே. நல்லதாப் போச்சு, அந்தப் பக்கத்து ஆம்பளைங்க எப்படின்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க அப்பா எப்படி? பல்லு வலிக்குத் தானே குறடு எடுத்துக்கிட்டாரா? ஆங். அதே ரகம்தான் எங்க அண்ணன். தனி ஆளு. கல்யாணம் பண்ணலை. ஊருக்கு வெளிய சக்கரம் வச்ச ஒரு டிரெய்லர் வீடு, ஒரு கிழட்டு நாயி. வெந்நீர் போடுற மெஷின் செத்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு. நான் வந்து ஒரு மத்தியானத்துல சரி பண்ணித் தந்துடுவேன். கிட்ட விடமாட்டாரு. இங்க வந்தாருன்னா ஒரு நாளைக்கு மூணு தடவை குளிப்பாரு. ரூம் பூரா ஆவியா இருக்கும். நான் கட்டில்ல உக்காந்துக்கிட்டு தண்ணி விழுற சத்தத்தையே கேட்டுக்கிட்டிருப்பேன். எங்க வீட்டுக்காரிகிட்ட போன்ல சொன்னா சிரிக்கிறா.

அவரு டயர் கடை வச்சிருந்தாரு. நாப்பது வருஷம். அது மூடினப்ப நான் போயிருந்தேன். காப்பி குடிச்சோம். கிளம்பும்போது ஒரு கவர்ல எண்ணூறு டாலர் போட்டு, சக்கரை டப்பாவுக்கு அடியில வச்சிட்டு வந்துட்டேன். புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்மா. நாலாம் நாளு அந்தக் கவரு ரிஜிஸ்தர் தபால்ல திரும்பி வந்துச்சு. அவர்கிட்ட காசே இல்லாத நேரம் அது, தன் கைக்காசைப் போட்டு ரிஜிஸ்தர் பண்ணி அனுப்பியிருக்காரு. உள்ள ஒரு வரி எழுதலை. அதுக்கப்புறம் ஆறு வருஷம் பேச்சு இல்ல. போன் பண்ணா எடுத்து, குரலைக் கேட்டுட்டு வச்சிடுவாரு. நேர்ல போனேன், ஒரு தடவை. பெட்ரோல் பங்க்ல நின்னுக்கிட்டிருந்தாரு. கூட இருந்தவன் யாரு அதுன்னு கேக்குறான். யாரோ ஒரு ஆளுன்னாரு. நான் காருல இருந்து இறங்கவே இல்ல, அப்படியே திருப்பிக்கிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் அழுதேன், சொல்றதுல என்ன இருக்கு.

ஆனா பாரு, மனுஷன் கையிலேர்ந்துதான் வாங்க மாட்டாரு. கம்பெனி கொடுத்தா ரெண்டு கையையும் நீட்டுவாரு. அவரு போடுற தொப்பி பூரா டயர் கம்பெனி ஓசியாக் கொடுத்தது. சுவத்துல பேங்க் காலண்டர் மூணு. சூப்பர் மார்க்கெட்டுல குச்சியில குத்தி ருசி பாக்கக் கொடுக்கிறானே சீஸு, அதுக்கு ரெண்டு சுத்து போயிட்டு வருவாரு, ரெண்டாவது சுத்துக்குத் தொப்பிய மாத்திக்கிட்டு. தம்பி கொடுத்தா பிச்சை, கம்பெனி கொடுத்தா சாமர்த்தியம். அப்படி ஒரு நியாயம் அவருக்கு.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, நெஜமாவே எனக்கு ஒரு ஆஃபர் வந்துச்சு. ஒரு கார்டு வாங்கியிருந்தேன். அதோட இந்த ஹோட்டல்ல ரெண்டு ராத்திரி இலவசம், ரெண்டு பேருக்குச் சாப்பாட்டுக்கு நூறு டாலர், வாடகைக்கு மேல தனியாப் போடுற ரிசார்ட் ஃபீஸும் கிடையாது. தேதி மட்டும் குறிப்பிட்ட ஒரு வாரம். எங்க வீட்டுக்காரி நடீனுக்கு அந்த வாரம் முழங்கால் ஆபரேஷன். சரி, போகட்டும்னு விட்டிருப்பேன். எனக்கு என்ன தோணுச்சோ, அண்ணனுக்கு ஒரு தபால் கார்டு போட்டேன். பேங்க்குக்காரன் ரெண்டு நாளு ஓசியில தர்றான், ரெண்டாவது ஆளு இல்லாததால வீணாப் போகுதுன்னு அது மட்டும் எழுதினேன். எப்படி இருக்க, என்னன்னு ஒண்ணும் கேக்கலை. வீணாப் போகுதுங்கிற சொல்லு அவரால தாங்க முடியாது. அந்தப் பஸ்ஸுல வந்து இறங்கினாரு.

இறங்கி இந்தக் கவுண்டர்ல வந்து நின்னோம். என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை, சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. க்ளென்டா பில்லைப் பாத்துட்டு, ரிசார்ட் ஃபீஸு முப்பத்தஞ்சு டாலர்னா. எனக்கு வந்துச்சே கோவம். கார்டுல இல்லைன்னு போட்டிருக்கு, நீ எப்படிக் கேப்பேன்னு ஏறிட்டேன். அவ முடியாதுங்கிறா. நான் கத்துறேன். மறுபடி முடியாதுங்கிறா. நீச்சல் குளத்துக்கும் இன்டர்நெட்டுக்கும் காசா? நாங்க ரெண்டு பேருக்கும் நீச்சலே தெரியாதுடின்னேன். பக்கத்துல ஏதோ சத்தம் கேக்குது. திரும்பிப் பாத்தா அண்ணன் கவுண்டரைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு சிரிக்கிறாரு. கண்ணுல தண்ணி கொட்டுது. அவரு அப்படிச் சிரிச்சு நான் கேட்டு அம்பது வருஷத்துக்கு மேல இருக்கும். க்ளென்டாவும் பாத்தா, கம்ப்யூட்டர்ல என்னவோ தட்டினா, சரி, எடுத்துட்டேன்னா. அன்னிக்கு ராத்திரி அண்ணன் என்கிட்ட பேசினாரு. பேங்க்குக்காரன் இதை எப்படிக் கட்டுப்படியாகிக் கொடுக்கிறான்னு கேட்டாரு. இப்ப நான் உனக்குச் சொன்னேனே, பட்டன், வெப்சைட்டு, சீஸ்கேக்கு, அதெல்லாம் அவருக்குச் சொன்னேன். விடிய விடியப் பேசினோம்மா. எங்க அப்பா செத்தப்பக்கூட அவ்வளவு பேசினதில்ல.

இரு, என்ன பாத்துக்கிட்டிருக்க? கண்டுபிடிச்சுட்டியா? அந்த ஆஃபர் நின்னுபோயி நாலு வருஷம் ஆச்சுன்னு போட்டிருக்கா?

தெரியும்மா. நாலு வருஷமாத் தெரியும்.

மறு வருஷமே பேங்க்குக்காரன் நிறுத்திட்டான். அடுத்த மாசம் அண்ணன்கிட்டேர்ந்து தபால் கார்டு. ஏழு வருஷத்துல அவரா எழுதின முதல் கார்டு. கார்டு வச்சிருக்க ஆளுக்குன்னு ஆரம்பிச்சிருந்தாரு. தம்பின்னு எழுத மாட்டாரு. அந்தக் கவர் விஷயத்துக்கப்புறம் ஒருநாளும் தம்பின்னு அவரு வாயிலேர்ந்து வந்ததில்ல. இங்க ரெண்டு நாளு கூட இருக்கும்போதுகூட இந்தாளுங்கிறதுதான், கார்டு வச்சிருக்க ஆளுங்கிறதுதான். சரி, என்னமோ கூப்பிடட்டும். அதுல ஒரே ஒரு வரி. இந்த வருஷம் பேங்க்குக்காரன் தேதி என்னைக்குக் கொடுத்திருக்கான்? நான் என்னன்னு பதில் எழுதறது, சொல்லு. கொடுக்கலைன்னா? அவரு சரின்னுட்டு மறுபடி அந்த டிரெய்லருக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்குவாரு. அக்டோபர் பதினாலுன்னு எழுதிப் போட்டுட்டேன்.

அன்னிலேர்ந்து முழு வாடகை நான்தான் கட்டுறேன். ஒரு நாளைக்கு எண்பத்தொம்பது. ரிசார்ட் ஃபீஸு முப்பத்தேழு, ரெண்டு டாலர் ஏத்திட்டீங்க. சாப்பாட்டுச் சீட்டு நூறு டாலருக்கு வாங்கி க்ளென்டாகிட்ட முன்னாடியே கொடுத்திடுவேன், அவ ஹோட்டல் கவர்ல போட்டு, அன்புடன் வரவேற்கிறோம்னு தன் கையால எழுதி அவர்கிட்ட நீட்டுவா. அந்தக் கவரையெல்லாம் அவரு பத்திரமா வச்சிருக்காரு. எந்த ஆஃபரும் இல்லாம, எந்தத் தள்ளுபடியும் இல்லாம, இந்த ஹோட்டல்ல அச்சடிச்ச விலைய அப்படியே கொடுக்கிற ஒரே மடையன் நான்தான். இத்தனை வித்தை தெரிஞ்சவன் நான். எனக்கே வயிறு எரியுது.

ஆஃபர் கீஃபர்னு இல்லாம நேராவே கூப்பிட்டா என்னங்கிறியா? நடீனும் அதையேதான் சொல்றா. அண்ணே, உன்னைப் பாக்கணும் போல இருக்கு, வான்னு ஒரு வார்த்தை எழுதிட்டா செலவே இல்லையேங்கிறா. எழுதலாம். எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல. அதுவுமில்லாம, தம்பி காசுல நாலு வருஷமாக் குளிச்சோம், சாப்பிட்டோம்னு தெரிஞ்சா, அவரு அந்தக் காசைச் சேத்துவச்சு ரிஜிஸ்தர்ல அனுப்ப ஆரம்பிச்சிடுவாரு. இருக்கிற நாளு அதுக்கே போயிடும்.

முடியாதா? பில்லுல பொய்யா சைபர் போட முடியாதா? பொய் போடச் சொல்லவே இல்லம்மா நான். கேளு. அந்தக் கண்ணாடி ரூம்ல டை கட்டிக்கிட்டு நம்மளையே பாக்குறாரே, அவரு மேனேஜரா? அவரைக் கூப்பிட்டே கேளு. ஒரு கம்பெனி தன் ஆளை வேலையா அனுப்பி இங்க தங்க வச்சா என்ன பண்ணுவீங்க? ஒரே ரூமுக்கு ரெண்டு பில்லு போடுவீங்க. வாடகை, ஃபீஸு எல்லாம் கம்பெனி பில்லுல ஏறும். தங்குறவன் பில்லு தனி, அதுல சைபர். அவன் கையெழுத்துப் போட்டுட்டு சைபரோட போயிடுவான். உண்டா இல்லையா? உண்டுல்ல. அதைத்தான் க்ளென்டா பண்ணுவா. கம்பெனி பில்லு இந்தக் கார்டுல. அண்ணன் கையில கொடுக்கிற பில்லுல சைபர், நெஜமான சைபர். அவரு கம்பெனி கொடுத்தா வாங்குவாருன்னு சொன்னேனா? நான்தான் கம்பெனி. அந்தக் கட்டத்துல கம்பெனி பேரு கேக்குதா? டர்லின்னே போட்டுக்க. எங்க அப்பாவுக்கு ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும்னு ஆசை இருந்துச்சு.

பண்ணிடலாமா? ரொம்ப நல்லதும்மா. நீ நல்லா இருப்ப.

ஒரு சின்ன விஷயம். ரூம் ஒண்ணு இல்ல, ரெண்டு. புக்கிங் ஒண்ணுக்குத்தான் பண்ணியிருக்கேன், நேத்துதான் எனக்கே தெரியும். இந்த வருஷம் அண்ணன், பக்கத்து டிரெய்லர் டெல்பர்ட்டையும் அவரு சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வர்றாராம். நேத்து தபால் கார்டு வந்துச்சு. இவ்வளவு நல்ல ஆஃபரை நாம மட்டும் அனுபவிச்சா எப்படி, இன்னொரு ரூம் கேட்டுப் பாரு, பேங்க்குக்காரன் கொடுப்பான், அவன்கிட்ட இல்லாத பணமான்னு எழுதியிருக்காரு. சிரிக்காதேம்மா. எனக்கும் நேத்து சிரிப்பு வரலை, இப்பதான் வருது. பேங்க்குக்காரன் சனிக்கிழமை சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டு வாசல்ல தள்ளுவண்டி சேத்துக்கிட்டிருக்கான். நெஜமாத்தான் சொல்றேன். பார்க்கிங்ல விட்டுட்டுப் போற வண்டியெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகித் தள்ளிக்கிட்டு வரணும். என் இடுப்பு போகுது. இனிமே ஞாயித்துக்கிழமையும் போகணும் போல.

ரெண்டாவது ரூமும் அதே பில்லுல ஏத்திட்டியா? சரி. அதுக்கு எவ்வளவு ஆச்சுன்னு இப்பச் சொல்லாதே. அவங்க போனப்புறம் சொல்லு.

இப்பதான் முக்கியமான வேலை. நல்லாக் கேட்டுக்க. அவங்க வந்து நின்னதும் நீ ரிசார்ட் ஃபீஸு முப்பத்தேழு டாலர்னு சொல்லணும். நான் கத்துவேன். தப்பா எடுத்துக்காதே, கொஞ்சம் மரியாதை இல்லாமதான் பேசுவேன். நீ முடியாதுன்னு சொல்லு. நான் இன்னும் கத்துவேன். மறுபடி முடியாதுன்னு சொல்லு. ரெண்டு தடவை. மூணாவது தடவை கம்ப்யூட்டரைப் பாத்து என்னவோ தட்டிட்டு, சரி, எடுத்துட்டேன்னு சொல்லணும். அதையும் அந்தக் கம்பெனி பில்லுல ஏத்திடு, வேற என்ன பண்றது. நாலு வருஷமா இதான் நடக்குது. இதுக்காகத்தான் அவரு அவ்வளவு தூரம் பஸ்ஸுல வர்றாருன்னு நான் நினைக்கிறேன், குளிக்கிறதுக்கு அடுத்தபடியா. மேனேஜர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. போன வருஷம் புது ஆளு ஒருத்தன் காவலாளியக் கூட்டிக்கிட்டு வந்துட்டான், பெரிய ரகளையாப் போச்சு.

சொல்லிட்டியா? என்ன சொன்னாரு? சரின்னாரா? நல்ல மனுஷன்.

அந்தா பஸ்ஸு. ரெண்டு நாப்பத்தொண்ணு, சீக்கிரம் வந்துட்டான். சிவப்புத் தொப்பி, கையில அட்டைப்பெட்டி, அதான் எங்க அண்ணன். மெலிஞ்சிட்டாரே. போன வருஷம் அந்தச் சட்டை இவ்வளவு தொங்கலை. நீ கண்ணைத் துடைச்சுக்கம்மா, காரியம் கெட்டுடும். கொஞ்சம் கடுகடுன்னு மூஞ்சிய வச்சுக்க. ம், அது போதும்.

வாண்ணே. வாங்க டெல்பர்ட்டு, வாங்கம்மா. பஸ்ஸுல கூட்டமா? பெட்டிய இப்படி வைங்க. ரூமா? ரெண்டு ரூமுக்கும் சைபர்தாண்ணே, பில்லைப் பாத்துக்க. ஆமா, டெல்பர்ட்டுக்கும் கொடுத்துட்டான். நீ சொன்ன மாதிரியேதான், கேட்டேன், மூச்சு விடாமக் கொடுத்துட்டான் பேங்க்குக்காரன். ஆனா ஒரு கூத்தைக் கேளு. இந்தப் பொண்ணு புதுசு. ரிசார்ட் ஃபீஸுன்னு முப்பத்தேழு டாலர் கேக்குது.

ஏம்மா, என்ன நினைச்சுக்கிட்டிருக்க நீ? தங்க மெம்பர்கிட்டயே கேப்பியா? எதுக்கு இந்தக் காசு? நீச்சல் குளத்துக்கா? இங்க நிக்கிற நாலு பேருல யாருக்காவது நீச்சல் தெரியும்னு உனக்குத் தோணுதா? டெல்பர்ட்டைப் பாரு, அவரு தண்ணியில இறங்கினா குளத்துல தண்ணி இருக்குமா?

முடியாதா? என்ன முடியாது? நல்லாப் பேசுற. அண்ணே, கேட்டியா, முடியாதாம். நான் அஞ்சு வருஷமா வர்றவன். இந்த ஊருல பாதி ஹோட்டல் என் கார்டைப் பாத்தா எழுந்து நிக்கும். மேனேஜரைக் கூப்பிடு. அவரும் முடியாதும்பாரா? ரூல்ஸா? எந்த ரூல்ஸு, எழுதிக் காட்டு. முப்பத்தேழு டாலருக்கு எத்தனை டயருக்குக் காத்து அடிக்கலாம்னு எங்க அண்ணனைக் கேளு.

அண்ணே, நீ ஏன் கையால கவுண்டரைத் தட்டுற? நான் பேசிக்கிறேன், நீ சும்மா சிரிச்சுக்கிட்டு நில்லு. அண்ணே, விடுண்ணே, சின்னப் பொண்ணு, பயந்துடப்போகுது. என்ன சொன்ன? இல்ல, சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கலை. என்னன்னு?

சரி. சரிண்ணே. கேட்டுச்சு.

நீ பெட்டிய எடுத்துக்கிட்டு டெல்பர்ட்டோட அந்த லிஃப்ட்டுகிட்ட போயி நில்லு, நான் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறேன். போகமாட்டியா? முடிவு தெரியாம நகரமாட்டியா? சரி, நில்லு.

மரிபெல்லு. கொஞ்சம் குனி, மெதுவாச் சொல்றேன். என் தம்பிய ஏமாத்தப் பாக்காதேன்னு உன்கிட்ட சொன்னாரே, கேட்டியா? தம்பின்னுதானே சொன்னாரு? கம்ப்யூட்டரைத் தட்டாதே, கையை எடு. இன்னும் ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லும்மா.